மூத்தார் காட்டு அருகம்புல்

எனக்குக் கோபம் அதிகம். எழுபதைத் தாண்டியும் குறையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப் போகிற காரியம் தொடங்கியதும் அந்தக் கோபத்தால்தான், நடுவில் கெட்டதும் அதே கோபத்தால்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனான என் மூத்தாரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே கிணற்றை வைத்துப் பயிர் செய்தார்கள். அந்தக் கோடையில் கிணறு வற்றிப் போயிற்று. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கிணறும்தான் வற்றின. ஆனால் என் ஓரகத்தி, அதாவது மூத்தாரின் பெண்டாட்டி, களத்தில் வேலையாக இருந்த பத்து ஆட்களுக்கு முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இவ கால் பட்ட எடத்துல பச்சையே நிக்காது. கெணறும் வத்திப்போச்சு, இவ வயிறும் அப்படியேதான் இருக்குது."

குழந்தை இல்லாததைச் சொன்னாள் என்பது புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நான் போட்ட கூச்சலில் களத்து மாடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின என்று பிற்பாடு சொன்னார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனால் வாசலில் நின்று ஊர் கேட்க நான் சொன்னது உண்மை: "இந்த வாசப்படிய இனிமே மிதிச்சேன்னா என்னைச் செருப்பால அடிங்க." ஒரு பாய், ஒரு குடம், ஒரு களித்துடுப்பு. அவ்வளவுதான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு மணி நேரம் கழித்து என் வீட்டுக்காரர் தோளில் மண்வெட்டியோடு பின்னாலேயே வந்தார். அவர் வாயைத் திறப்பது அபூர்வம். வந்ததே போதும் என்று இருந்தது எனக்கு.

பாலக்கோடு போகும் சாலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருந்தது. மைசூர்ப் பக்கம் பாலம் கட்டிக் கட்டி வயதாகிப் போன மனுஷன். ஒரு பாலத்தில் தவறி விழுந்து இடது கால் சரியாகக் கூடவில்லை, தடி ஊன்றித்தான் நடப்பார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கன்னடம் நன்றாகப் பேசுவார், தமிழ் அரைகுறை, இரண்டையும் கலந்து அடிப்பார். எங்கள் ஊரில் பாதி வீட்டில் கன்னடம் புழங்குவதால் யாருக்கும் சிரமம் இல்லை. அவருக்குத் தோட்டக்காரன் தேவைப்பட்டான், என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டார். குடியிருக்கப் பின்கட்டில் பழைய குதிரை லாயத்தில் ஒரு பாதியைத் தடுத்துக் கொடுத்தார். குதிரை நின்ற இடத்தில் குடித்தனம் என்று ஊரில் சிரித்தார்கள். எனக்கு அது அரண்மனை. அங்கே என் காலைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

துரைக்கு ஒரே ஒரு ஆசை. பங்களாவுக்குப் பின்னால் ஒரு புல்தரை வேண்டும். சும்மா புல் இல்லை, பாய் விரித்ததுபோல் குட்டையான, சமமான புல். நடுவில் ஒரு குழி, குழிக்குள் ஒரு தகர டப்பா. நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பந்தை ஒரு இரும்புத் தலை வைத்த கோலால் மெதுவாகத் தட்டி அந்தக் குழிக்குள் விழவைக்க வேண்டும். 'பட்டிங் கிரீன்' என்பார். கால் போனதிலிருந்து பெரிய மைதானத்தில் ஆட முடியவில்லையாம், இதையாவது ஆடவேண்டும் என்பார். நாங்கள் குழிப்பந்து என்று பேர் வைத்துக்கொண்டோம்.

பெங்களூரிலிருந்து இரண்டு தடவை சாக்குச் சாக்காகப் புல் வரவழைத்து நட்டார். ஒரு தடவை வெயிலில் தீய்ந்தது. அடுத்த தடவை மழையில் மண்ணோடு ஓடிப்போயிற்று. கோலார்ப் பக்கம் வேலையிலிருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் மார்கழியில் வந்து அந்தச் செம்மண் பொட்டலைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆயுத பூசைக்கு மறுபடி வருகிறேன், அதற்குள் ஒரு புல்லாவது முளைக்கிறதா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் துரை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "இல்லி ஹுல்லு பரல்ல அந்தரே, பங்களா வித்துட்டு நீலகிரி போயிடுவேன்" என்றார். அந்தச் சிநேகிதர் வரும்போது புல் இல்லையென்றால் இடத்தை விற்றுவிடுவது என்று முடிவே செய்துவிட்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் வந்து இதை என்னிடம் சொன்னார். பங்களா போனால் லாயம் போகும். லாயம் போனால் எங்களுக்குப் போக வேறு இடம் கிடையாது. என் அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். மூத்தார் வீடுதான். அந்த வாசற்படியை மிதித்து, தலையைக் குனிந்துகொண்டு, அவள் சொன்ன சொல்லை விழுங்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். இதைவிடச் சித்தேரி மலையேறி யார் காட்டிலாவது சாமை கொத்திப் பிழைக்கலாம் என்று நினைத்தேன்.

அன்று இரவு தூங்கினேனா என்று ஞாபகம் இல்லை. காலையில் நேரே போய்த் துரையின் முன்னால் நின்றேன். அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதும் பணிவாக வந்ததா என்றால் அதுவும் இல்லை.

"பெங்களூருப் புல்லு எதுக்குங்க தொரை? எங்க ஊருல புல்லைக் கொல்ல முடியாமத்தாங்க நாங்க சாவறோம்" என்றேன்.

துரை தடியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வேலியோரம் போய் ஒரு கொடி அருகம்புல்லை இழுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். கணுவுக்குக் கணு வேர் விட்டு முழ நீளம் ஓடியிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கணுவாகப் பார்த்தார். வடக்கே ஏதோ ஒரு பெரிய ஊரில் இதே புல்லின் மேல்தான் தாம் முதல் தடவை ஆடியதாகச் சொன்னார். இத்தனை நாள் கண்ணெதிரே கிடந்ததைப் பார்க்காமல் போனோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். "ஆகலி" என்றார். ஆகட்டும் என்று அர்த்தம்.

மாசி மாதம் தரையில் கை வைத்தோம். நீளம் இருபது தப்படி, அகலம் பதினைந்து. எங்கள் பக்கம் மண்ணைத் தோண்டினால் கல் வரும் என்று சொல்வது சரியில்லை, கல்லைத் தோண்டினால் கொஞ்சம் மண் வரும். நானும் என் வீட்டுக்காரரும் முழ ஆழம் கொத்தி, கூடை கூடையாகக் கல்லைப் பொறுக்கி வேலியோரம் கொட்டினோம். அந்தக் கல்லை வைத்தே துரை கொல்லைக்கு இடுப்பளவு சுவர் வைத்துவிட்டார். மிச்ச மண்ணைச் சல்லடையில் சலித்தேன். மண்ணைச் சலிக்கிறவளை ஊரில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. மாவு சலிக்கிறாள், தொரைக்கு மண்ணுல களி கிண்டப் போறா என்று சாலையில் போகிறவர்கள் நின்று கேலி பேசினார்கள்.

சித்திரையில் ஏரி வறண்டது. எங்கள் ஊரில் காட்டுக்கு, அதாவது புன்செய் நிலத்துக்கு, வண்டல் அடிக்கிற நாள் அதுதான். பத்து வண்டி வண்டல் கொண்டுவந்து கொட்டினோம். சின்னாற்று மணல் நான்கு வண்டி. அப்புறம் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். கேழ்வரகுக் காட்டுக்குச் செய்வதுபோல் ஆட்டுப்பட்டி போட்டார். ஒரு மந்தை செம்மறி ஆட்டை ஐந்தாறு நாள் அந்த இருபது தப்படிக்குள் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும், அதைவிட நல்ல எரு கிடையாது. துரைக்கு அது தெரியாது. காலையில் பின்கதவைத் திறந்தவர் நூற்றைம்பது ஆடு தம்மைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டார். வாசனை பங்களா முழுக்க அடித்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே ஐந்து நாள் காப்பி குடித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

வைகாசியில் இரண்டு மழை பெய்தது. மண் பக்குவத்துக்கு வந்தது. மாட்டைப் பூட்டி, மண்ணை நிரவப் பரம்புப் பலகை ஓட்டினோம். பலகையின் மேல் நானே ஏறி நின்றேன், கனம் வேண்டுமே. பிறகு களத்துக்கு உருட்டுகிற கல் உருளையைக் கேட்டு வாங்கிவந்து நான்கு பக்கமும் உருட்டினோம். துரை ஒரு நீளப் பலகையை வைத்து அதன் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். குமிழி ஒரு பக்கம் போனால் அங்கே மண் போடச் சொல்வார். நான் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன். களம் செய்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஒரு மூலையில் அவர் குமிழியும் என் தண்ணீரும் ஒத்துப்போகவில்லை. அவர் மண் போடு என்றார், நான் மாட்டேன் என்றேன். பெரிய வாக்குவாதம். கடைசியில் அவர் பலகையைத் திருப்பிப் பார்த்தால் பலகையே வளைந்திருந்தது. தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்த வாரம் முழுக்கப் பெருமையில் என் கால் தரையில் பாவவில்லை.

தரை தயார். இனிப் புல்லுக்கு எங்கே போவது? அருகு எங்கேயும் இருக்கும். ஆனால் மெல்லிய இலையாக, நெருக்கமாக, துரை கேட்கிற மாதிரியான அருகு எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரே இடத்தில்தான் மண்டிக் கிடந்தது. மூத்தார் காட்டில். ஒரு குடியானவனுக்கு அதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது, காட்டில் அருகு மண்டினால் சோம்பேறி என்று பேர். மூத்தார் அந்தக் காட்டை மூன்று வருஷமாகச் சும்மா போட்டிருந்தார்.

காட்டுக்கு வாசற்படி கிடையாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஆனி மாதத்தில் ஒருநாள் வீட்டுக்காரரோடு போனேன். மூத்தார் முகம் மலர்ந்துபோய், எவ்வளவு வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்றார். சும்மா களை எடுத்துக் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஓரகத்தி மட்டும் வரப்பின் மேல் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எங்க காட்டுக் குப்பைய அள்ளிட்டுப் போய் என்ன பண்ணுவா? அதுவும் அங்க கருகித்தான் போவும் பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். என்னிடம் நேரே பேசவில்லை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு வண்டி ஏற்றினேன். கொண்டுவந்து கொத்துக் கொத்தாகச் சாண் இடைவெளி விட்டு நட்டோம். நாற்று நடுவதுபோல. காலையும் மாலையும் பூவாளியில் தண்ணீர். குடத்தால் ஊற்றினால் மண்ணில் குழி விழும், அதனால் துரை பெங்களூரிலிருந்து நான்கு பூவாளி தருவித்தார். கொத்துகள் வேர் பிடித்தன. ஆனால் ஆட்டெருவும் வண்டலும் அருகுக்கு மட்டுமா போட்டோம்? கோரை, தும்பை, பண்ணைக்கீரை, பேர் தெரியாத நூறு செடியும் கூடவே கிளம்பின. கொத்துக் கொத்தாக இருந்ததால் தரை அம்மைத் தழும்பு மாதிரியும் இருந்தது. துரை கால் வைத்தியத்துக்காக ஒரு மாதம் பெங்களூர் போகும்போது முகத்தைச் சுளித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் களை எடுத்துவிடலாம் என்று ஆடி மாதம் ஒருநாள் ஊரிலிருந்து ஆறு பெண்களைக் கூப்பிட்டேன். எல்லோரும் என்னோடு காடுகளில் களை கொத்துகிறவர்கள். வரிசை கட்டி உட்காரும்போதே தெளிவாகச் சொன்னேன்: "அருகைத் தொட்டீங்கன்னா கைய வெட்டிப்போடுவேன். மத்த எல்லாத்தையும் புடுங்கிடுங்க." அவர்களுக்குச் சிரிப்பு. அருகை விட்டுவிட்டுக் கீரையைப் பிடுங்குகிற காலம் வந்துவிட்டதே என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னபடிதான் ஆரம்பித்தார்கள். வரிசைக்கு முனையாள் நான். முனையாள் கை எப்படிப் போகிறதோ அப்படித்தான் மற்றவர்கள் கையும் போகும்.

கொஞ்ச நேரம் போனது. பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "உன் ஓரகத்தி நேத்து ஏரிக்கரையில என்ன பேசுனா தெரியுமா?"

"என்ன பேசுனா?"

"நம்ம காட்டு அருகு எங்கயும் பொழைக்கும், அவ கால் பட்ட எடத்துல மட்டும் பொழைக்காதுன்னு துணி தொவைச்சிட்டே சொன்னா."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அன்றைக்குக் களத்தில் நடந்ததை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் சொன்னது, நான் சொன்னது, அவள் கை ஆட்டிய விதம், மூத்தார் வாயை மூடிக்கொண்டு நின்ற விதம். பெண்கள் 'அடி ஆத்தா', 'அப்புறம்?' என்று கேட்கக் கேட்க எனக்கு வேகம் ஏறியது. களைக்கொத்தும் அதே வேகத்தில் போயிற்று. எட்டு வயதிலிருந்து பழகிய கை. அருகின் கணு விரலில் பட்டதும் கொத்து தானாக அடியில் இறங்கும், வேரோடு கிளப்பும், மண்ணை உதறும், வேர் வெயிலைப் பார்க்கிற மாதிரி முதுகுக்குப் பின்னால் வீசும். அதற்கு யோசனை தேவையில்லை. எனக்கு யோசனை எல்லாம் ஓரகத்தி மேல் இருந்தது.

"அந்த வாசப்படிய இன்னிக்கி வரைக்கும் மிதிக்கல" என்று சொல்லி முடித்தபோது சுவர் வந்துவிட்டது. எழுந்து இடுப்பை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு அருகு இல்லை. ஆரம்பத்தில் கொத்திய இரண்டு முழத்தில் மட்டும் நாலு கொத்து நின்றது. மற்றதெல்லாம் வெறும் மண். அருகு முழுவதும் குவியல் குவியலாக வேரை மேலே காட்டிக்கொண்டு ஆடிக் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. ஆறு பெண்களும் என் பின்னாலேயே அதே வேலையைச் சுத்தமாகச் செய்துவைத்திருந்தார்கள். பண்ணைக்கீரை மட்டும் ராத்திரிக் குழம்புக்காக அவரவர் மடியில் பத்திரமாக இருந்தது.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். யாரைத் திட்டுவது? என் கைதான் செய்தது. அவள் சொன்னது பலித்துவிட்டது, நானே பலிக்கவைத்துவிட்டேன் என்று நினைத்தபோது வந்த அழுகையை அடக்க முடியவில்லை. அழுது பழக்கமில்லாதவள் அழுதால் பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். பெண்கள் கீரையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் கிணற்றடியிலிருந்து வந்தார். தரையைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குவியலிலிருந்து ஒரு கொடியை எடுத்து உடைத்தார். உள்ளே ஈரம் இருந்தது.

"நம்ம காட்டுல எத்தனை தரம் புடுங்கிப் போட்டிருக்கறோம். என்னிக்காவது செத்திருக்குதா?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மண்டையில் வெளிச்சம் அடித்தது. அருகு இருக்கிற காட்டில் அவசரப்பட்டு ஏர் ஓட்டுகிறவனை எங்கள் பக்கம் எப்படி ஏசுவார்கள் என்பது ஒவ்வொரு குடியானவன் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஏர்க்கொழு அருகைத் துண்டு துண்டாக வெட்டிவிடும், ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாக எழும்பும், ஒன்று இருந்த இடத்தில் நூறு ஆகும். அதனால்தான் கணு அறாமல் முழுசாகக் கிளப்பு என்று சின்ன வயதில் முதுகில் போட்டுப் பழக்கினார்கள். எந்தத் தப்புக்கு அடி வாங்கினேனோ அதை இப்போது வேண்டுமென்றே செய்யவேண்டியதுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கத்தினேன். "ஆளுக்கு ஒரு அருவா எடுங்க!"

குவியலை அள்ளித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினோம். பலகையில் வைத்துக் கீரை அரிவதுபோல் விரல் நீளத்துக்கு அரிந்தோம். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கணுவாவது இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரர் அதற்குள் தரையைக் கிளறிச் சமன் செய்தார். சாணித் தண்ணீரில் துண்டுகளைப் புரட்டி, சாமை விதைப்பதுபோல் கை வீசித் தூவினோம். மேலே சலித்த வண்டலை மெல்லிசாகப் போட்டோம். பிறகு மிதிக்கவேண்டும், கணு மண்ணோடு ஒட்ட வேண்டுமே. ஏழு பெண்களும் தோளோடு தோள் நின்று அடிமேல் அடி வைத்து மிதித்தோம். அந்த நிலத்தில் நான் என் இரண்டு காலையும் அழுத்தி அழுத்தி வைத்தேன். எது வேண்டுமானாலும் ஆகட்டும் என்ற வீம்புதான். கடைசியில் கேழ்வரகுத் தாளை மேலே பரப்பித் தண்ணீர் தெளித்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சாப்பிடக்கூட யாரும் எழுந்து போகவில்லை. அந்த ஆறு பேருக்கும் நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த எட்டு நாளும் நான் மனுஷியாக இல்லை. ஆடிக் காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போகும், ஓடிப்போய்ப் பிடித்துவந்து போடுவேன். மத்தியானத்திலும் தண்ணீர் தெளிப்பேன். ஒன்பதாம் நாள் காலையில் தாளை ஒரு கை விலக்கிப் பார்த்தேன். மண்ணெல்லாம் பச்சை ஊசி. கொத்துக் கொத்தாக இல்லை, ஒரு விரல் வைக்க இடமில்லாமல் தரை முழுக்க ஒரே சீராக. முதலில் நட்டதை விட்டுவைத்திருந்தால்கூட அப்படி வந்திருக்காது. நான் "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்திய சத்தத்தில் என் வீட்டுக்காரர் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார்.

துரை திரும்பி வந்த அன்றே அவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "நாந்தாங்க புடுங்குனேன். பேசிக்கிட்டே புடுங்கிட்டேன்." அவர் தடியைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் காலை வைத்துக்கொண்டு, கஷ்டப்பட்டு முட்டி போட்டுக் கன்னத்தைத் தரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கவேண்டியிருந்தது. எழுந்ததும் சிரித்தார் பாருங்கள், அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "இன்னொரு சல புடுங்கு" என்றார். இன்னொரு தடவையும் பிடுங்கு என்கிறார்!

அப்புறம் எல்லாம் ஏறுமுகம்தான். ஆவணி மழை சொல்லிவைத்ததுபோல் பெய்தது. புல் வெட்டும் மிஷினுக்கு எண்ணெய் போட்டு என் வீட்டுக்காரர் வாரம் இரண்டு தடவை தள்ளினார், வெட்ட வெட்டப் புல் படர்ந்தது. துரை இல்லாத நேரத்தில் நான் ஒரு எலுமிச்சம் பழத்தை உருட்டிப் பார்ப்பேன். எங்கே துள்ளுகிறதோ அங்கே ஒரு கை மண்ணைத் தூவி மட்டம் செய்வேன். பிள்ளையார் சதுர்த்திக்கு ஊரே அருகுக்கு என் சுவரோரம் வந்து நின்றது. உள்ளே ஒரு ஆளை விடவில்லை. ஓரத்தில் வெட்டியதை நானே கட்டுக் கட்டாகக் கொடுத்தேன். மாசியில் நான் மண் சலித்ததைக் கேலி பேசியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் சின்னக் கட்டு.

ஆயுத பூசைக்கு முதல் நாள் கோலார்ச் சிநேகிதர் காரில் வந்து இறங்கினார். வாசலில் இறங்கும்போதே கேலிதான். துரை அவரை நேரே பின்கட்டுக்குக் கூட்டிவந்தார். சுவருக்கு வெளியே ஊர் ஜனம் பாதி நின்றது. என்னைப் பார்க்க இல்லை, வெள்ளைக்காரர் ஆடுவதைப் பார்க்க. அந்தக் கூட்டத்தில் என் ஓரகத்தியும் நின்றாள். நான் பார்த்துவிட்டேன், ஆனால் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சிநேகிதர் புல்லைப் பார்த்ததும் வாயில் இருந்த சுருட்டை எடுத்தார். குனிந்து உள்ளங்கையால் தடவினார். ஜோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் வெறும் காலுறையோடு உள்ளே நடந்தார். இருவரும் ஆடினார்கள். துரை ஒரு மூலையிலிருந்து தட்டிய பந்து எங்கேயும் துள்ளாமல், தயங்காமல், கடைசியில் வடக்கே லேசாக வளைந்து போய்த் தகர டப்பாவில் 'டக்' என்று விழுந்தது. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் விழுந்தது. சுவருக்கு வெளியே ஜனம் ஓவென்று கத்தியது. ஆட்டம் என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

சிநேகிதர் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். துரை தடியால் என்னைக் காட்டி, "எல்லிந்த தந்தே அந்தக் கேக்கறார்" என்றார். இந்தப் புல்லை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்கிறாராம்.

"எங்க மூத்தார் காட்டுக் களைங்க" என்றேன், சுவருக்கு வெளியே கேட்கிற மாதிரி.

துரை மொழிபெயர்த்ததும் அந்தப் பெரிய மனுஷன் மறுபடி வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் இந்தத் தடவை எங்களோடு சேர்ந்து. கோலாருக்குக் கொண்டுபோக ஒரு சாக்கு வேண்டும் என்றார். வெட்டி நடவேண்டும், முழுசாக நடக்கூடாது என்று நான் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் காருக்குப் போனதும் துரை என் வீட்டுக்காரரின் தோளில் கை வைத்தார். லாயத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தார். மழைக்குள் அதற்கு ஓடு போட்டுவிடவேண்டும், பாலக்கோட்டில் கொத்தனுக்குச் சொல்லிவிடு என்றார். விற்றுவிட்டுப் போகிறவர் தோட்டக்காரன் வீட்டுக்கு ஓடு போடுவாரா? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாவம், என் வீட்டுக்காரரை அத்தனை பேர் பார்க்கக் கையைப் பிடித்துவிட்டேன். அவர் கூச்சத்தில் நெளிந்தார், கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை.

ஜனம் கலைந்தது. ஓரகத்தி மட்டும் சுவரோரம் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்புள்ள, பூசைக்கு வூட்டுக்கு வந்துட்டுப் போயேன்" என்றாள். ஒன்றரை வருஷத்தில் என்னிடம் நேரே பேசியது அதுதான் முதல் தடவை.

"எங்க வூடு இங்க இருக்குதுங்கக்கா. நீங்க உள்ள வாங்க" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். புல்லின் ஓரத்தில் வந்ததும் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு இலைகூட மிதிபடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். என் படியேறி லாயத்துக்குள் வந்து பாயில் உட்கார்ந்தாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் இருந்தது, வட்டிலில் போட்டு வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டாள். முதல் உருண்டை முடிந்ததும் வட்டிலை மெல்ல என் பக்கம் நகர்த்தினாள். இன்னொரு உருண்டை போட்டேன்.